ஜனவரியில் கேதார்காந்தா: சொந்தக் கூடாரத்தோடு போகலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையைச் சேர்ந்த நான்கு நண்பர்கள். வெள்ளியங்கிரி ஏழு மலையையும் நாலைந்து தடவை ஏறியவர்கள். பனியை சினிமாவில் மட்டும் பார்த்தவர்கள். ஜனவரியில் உத்தராகண்டில் இருக்கும் கேதார்காந்தா என்ற பனிச்சிகரத்துக்கு, எந்த ட்ரெக்கிங் நிறுவனத்தையும் நம்பாமல், சொந்தக் கூடாரம் சொந்தச் சமையல் என்று போக ஆசை. சனி ஞாயிறு சேர்த்து 9 நாள் லீவு. என்னென்ன வாங்க வேண்டும், எப்படித் திட்டமிட வேண்டும் என்று கேட்கிறார்கள். பில்டர் காபியைப் பற்றியும் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. அதற்கும் பதில் உண்டு.

வாங்க வேண்டியதை அப்புறம் பார்ப்போம். முதலில் நாட்கணக்கு. பனிமலைப் பயணத்தில் மாட்டிக்கொண்டவர்களில் பலரிடம் நல்ல ஜாக்கெட் இருந்தது. இல்லாமல் போனது ஒரு உபரி நாள். "நாளைக்கு ரயில், இன்றைக்கு எப்படியாவது ஏறிவிடலாம்" என்ற எண்ணம்தான் ஆளைத் தள்ளிக்கொண்டு போகும்.

உயரத்தை நமக்குத் தெரிந்த இடங்களோடு ஒப்பிட்டால் சட்டென்று புரியும். வெள்ளியங்கிரி உச்சி 6,000 அடிக்குக் கொஞ்சம் குறைவு. கேதார்காந்தாவுக்கு நடை தொடங்கும் சாங்க்ரி கிராமமே சுமார் 6,400 அடி. அதாவது, ஜீப்பை விட்டு இறங்கும்போதே உங்கள் ஏழாவது மலைக்கு மேலே நிற்பீர்கள். முதல் ராத்திரி கூடாரம் போடும் ஜூடா கா தாலாப் என்ற ஏரிக்கரை சுமார் 9,100 அடி. தென்னிந்தியாவின் மிக உயரமான ஆனைமுடியே 8,842 அடிதான். அதற்கு மேல் பேஸ் கேம்ப் 11,250 அடி வாக்கில், உச்சி 12,500 அடி. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 62 சதவீதம். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறையும்.

3,000 மீட்டருக்கு மேலே போனால், ஒரு ராத்திரி தூங்கிய இடத்துக்கும் அடுத்த ராத்திரி தூங்கும் இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் அளவு. ஜூடா கா தாலாபிலிருந்து பேஸ் கேம்ப் ஏறக்குறைய 650 மீட்டர். வழக்கமான பேக்கேஜ்கள் சாங்க்ரியிலிருந்து புறப்பட்டு நாலே நாளில் திரும்பும்படி இதை ஒரே தாவலில் தாண்டிவிடுகின்றன. பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு ராத்திரி முழுக்கத் தலைவலி, வாந்தி. சமவெளியிலிருந்து விமானம் ஏறி நேரே வருகிறவர்கள் நீங்கள். உங்கள் கையில் திட்டம் இருக்கும்போது ஏன் அவசரம்? சாங்க்ரியில் இரண்டு ராத்திரி, ஜூடா கா தாலாபில் இரண்டு ராத்திரி என்று போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் பகலில் சும்மா உட்காராமல், மேலே 200, 300 மீட்டர் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து தூங்குங்கள்.

இனி எண்ணிப் பாருங்கள். முதல் நாள் கோவையிலிருந்து தில்லி, ராத்திரி ரயிலில் டேராடூன். இரண்டாம் நாள் சாங்க்ரி. டேராடூனிலிருந்து 200 கிலோமீட்டர்தான், ஆனால் முசூரி, நௌகாவ், புரோலா, மோரி என்று மலைப்பாதையில் 8 முதல் 10 மணி நேரம் ஆகும். மூன்றாம் நாள் சாங்க்ரியில் ஓய்வு நடை. நாலும் ஐந்தும் ஜூடா கா தாலாப். ஆறாம் நாள் பேஸ் கேம்ப். ஏழாம் நாள் உச்சி, இறக்கம். எட்டாம் நாள் டேராடூன். ஒன்பதாம் நாள் வீடு. கையிருப்பில் உபரி நாள் பூஜ்யம்.

போதாததற்கு அது வடஇந்தியாவின் மூடுபனிக் காலம். தில்லியில் விமானம் நாலு மணி நேரம் தாமதம், ரயில் எட்டு மணி நேரம் தாமதம் என்பதெல்லாம் ஜனவரியில் சாதாரணம். சாங்க்ரி சாலையே பனியில் ஒரு நாள் அடைபடலாம். ஆகவே 11 நாள் லீவு கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். உத்தரகாசி பக்கமே இருக்கும் தயாரா புக்யால் என் சிபாரிசு. அது பெரிய மலைப் புல்வெளி. குளிர்காலத்தில் முழுக்க வெள்ளை. "உச்சி" என்று ஒரு புள்ளி கிடையாது. அதனால் எந்த இடத்தில் திரும்பினாலும் போய்வந்த நிறைவு இருக்கும். முதல் பனிப் பயணத்துக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது பாதியில் திரும்பியவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது மணிக்கணக்கு. நேய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் ஒரு கணக்கு சொன்னார்: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏற்றத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். உலர்ந்த பாதைக்கு இது சரி. முழங்கால் வரை புதையும் பனியில், முதுகில் மூட்டையோடு, காற்று குறைந்த உயரத்தில் இதை இரண்டால் பெருக்குங்கள். புதுப் பனியில் நீங்களே தடம் போட வேண்டி வந்தால் மூன்றால். ஜனவரியில் அங்கே சூரியன் தலைகாட்ட காலை 7 மணி தாண்டிவிடும், மாலை ஐந்தரைக்கெல்லாம் மறைந்துவிடும். பத்து மணி நேரப் பகல். அதில் கூடாரம் போட, பனி உருக்க, சமைக்க இரண்டு மணி நேரம் தனியே வேண்டும்.

உச்சிக்குப் போகும் நாளில் எல்லாக் குழுக்களும் சூரிய உதயத்துக்காக ராத்திரி 2, 3 மணிக்கே கிளம்பும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் கடைசிச் சரிவில் ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்க வேண்டியிருக்கும். நடக்கும்போது குளிர் தெரியாது, நின்றால்தான் அது வேலையைக் காட்டும். என் கட்சி வேறு: அஞ்சரைக்குக் கிளம்புங்கள். உதயத்தை வழியில் பாருங்கள். எதிரே தெரியும் ஸ்வர்காரோகிணி, பந்தர்பூஞ்ச் சிகரங்கள் காலை எட்டு மணிக்கும் அங்கேயேதான் இருக்கும். ஆனால் திரும்பும் நேரம் என்று ஒன்றை, பத்து மணி என்று வையுங்களேன், முந்தின நாளே நாலு பேரும் ஒத்துக்கொண்டு எழுதிவையுங்கள். பத்துக்கு உச்சி 50 மீட்டரில் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி இளகும், பிற்பகலில் மேகமும் காற்றும் சேரும். நான் முதல் தடவை போனபோது உச்சிக்குக் கூப்பிடு தூரத்தில் திரும்பினேன். காரணம் வீரமெல்லாம் இல்லை. ராத்திரி ஷூவைக் கூடாரத்தின் வாசலில் விட்டிருந்தேன், காலையில் அது கல். அதற்குள் காலை நுழைக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரம்தான் உச்சியில் குறைந்தது. இப்போதெல்லாம் ஷூவை பிளாஸ்டிக் பையில் போட்டு ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாட்டில் வைத்துத்தான் தூக்கம்.

சரி, சொந்தக் கூடாரம், சொந்தச் சமையல் விஷயத்துக்கு வருவோம். ஆசையின் மேல் தண்ணீர் ஊற்றுவதாக நினைக்க வேண்டாம், ஒரு கணக்கு மட்டும். பேஸ் கேம்பில் குழாய் இல்லை, ஓடையும் உறைந்திருக்கும். குடிக்க, சமைக்க எல்லாத் தண்ணீரும் பனியை உருக்கித்தான். அதற்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 கிராம் எரிவாயு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர், ஐந்து நாள்: 3 கிலோ. 230 கிராம் கேனாக வாங்கினால் 13 கேன். இவற்றை விமானத்தில் கைப்பையிலும் எடுத்துப்போக முடியாது, செக்-இன் பெட்டியிலும் முடியாது. ரயிலிலும் தடை. டேராடூனிலோ ரிஷிகேஷிலோதான் தேடி வாங்க வேண்டும். கேனில் இருப்பது வெறும் பியூட்டேன் என்றால் அது பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சரியாக ஆவியாகாது, அடுப்பு முனகிக்கொண்டு நின்றுவிடும். ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த கேனாகப் பார்த்து வாங்க வேண்டும். ராத்திரி அதையும் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்ள வேண்டும். பனி உருக்கும்போது பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பனியைப் போடுங்கள். வெறும் பனியைப் போட்டால் அடி கருகும், குடிக்கும் தண்ணீரில் புகை வாடை அடிக்கும்.

எரிவாயு, கூடாரம், ஸ்லீப்பிங் பேக், உணவு, துணி எல்லாம் சேர்ந்தால் ஆளுக்கு 18 கிலோவுக்குக் குறையாது. வெள்ளியங்கிரியில் கையில் மூங்கில் தடியும் தோளில் ஒரு பையும்தான் இருந்திருக்கும். அதனால் என் பதில்: நிறுவனம் இல்லாமல் போகலாம், ஆனால் முதல் தடவை ஆள் துணை இல்லாமல் போகாதீர்கள். சாங்க்ரியிலும் பக்கத்து ஊரான சௌரிலும் தலைமுறையாக அந்தக் காட்டில் ஆடு மேய்த்து வளர்ந்தவர்கள் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும், சுமை தூக்க இரண்டு பேரையும் நேரடியாக அமர்த்திக்கொள்ளுங்கள். பணம் முழுசாக அந்த ஊருக்கே போகும். கூடாரம் உங்களுடையது, சமையல் உங்களுடையது, நாட்கணக்கும் உங்களுடையது. புதுப்பனி விழுந்து தடம் மறைந்த காலையில் எந்த மரத்துக்கு இடப்பக்கம் போக வேண்டும் என்பது மட்டும் அவருடையது. அந்தப் பகுதி கோவிந்த் வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், நைட்வாரில் சோதனைச் சாவடி இருக்கிறது. விதிகள் சீசனுக்குச் சீசன் மாறுவதால், உள்ளூர் ஆள் இருப்பது இதற்கும் உதவும்.

தூக்கத்துக்கு வருவோம், குளிரில் பாதிச் சண்டை அங்கேதான். ஸ்லீப்பிங் பேக்கில் மூன்று வெப்பநிலை போட்டிருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். பெரிய எழுத்தில் பளிச்சென்று இருப்பது பெரும்பாலும் மோசமான எண். எக்ஸ்ட்ரீம் என்றால் "தூங்கலாம்" என்று அர்த்தமில்லை, ஓரளவு உயிர் தாங்கும் என்று அர்த்தம். ஜனவரி ராத்திரியில் பேஸ் கேம்ப் மைனஸ் 10க்கும் கீழே போகக்கூடும். கம்ஃபர்ட் எண்ணே மைனஸ் 10 என்று இருக்கும் பையாகப் பாருங்கள். அதைவிட முக்கியம் கீழே விரிக்கும் மெத்தை. உடம்பின் சூட்டைக் காற்றைவிட வேகமாக உறிஞ்சுவது தரைதான். மெத்தை தரையின் குளிரை எவ்வளவு தடுக்கும் என்று சொல்ல ஆர்-மதிப்பு என்று ஒரு எண் உண்டு. பனிக்கு 5 வாக்கில் வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று போட்டால் மதிப்பு கூடிக்கொள்ளும். ஆகவே ஒரு ஃபோம் பாய், அதன் மேல் ஒரு காற்றடைத்த மெத்தை. காற்று மெத்தை ஓட்டையானாலும் பாய் இருக்கும். படுக்கப்போகும் முன் வெந்நீரைக் கெட்டியான பாட்டிலில் ஊற்றி இறுக மூடி, சாக்ஸுக்குள் போட்டுக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் குடிக்க உறையாத தண்ணீரும் ஆயிற்று.

உடைக்கு ஒரே விதி: பனிக்குப் பனியன் ஆகாது. திருப்பூர்க்காரர்கள் கோபிக்க வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், நின்றதும் உடம்போடு ஒட்டிச் சில்லிடும். ஜீன்ஸ் அதைவிட மோசம். உடம்பை ஒட்டி பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, அதன் மேல் ஃப்ளீஸ், நிற்கும்போது போட இறகு அடைத்த தடித்த டவுன் ஜாக்கெட் ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் ஓடு மாதிரி ஒன்று. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். சுகமாக இருந்தால் பத்து நிமிஷத்தில் வியர்க்கும், ஆகவே ஒன்றைக் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள். நின்ற மறுகணம் போட்டுக்கொள்ளுங்கள். கையுறை இரண்டு ஜோடி, சாக்ஸ் நாலு ஜோடி. அதில் ஒரு ஜோடி தூங்க மட்டும், பகலில் எந்தக் காரணத்துக்கும் வெளியே வராது.

ஷூவின் அடியில் மாட்டும் முள் சங்கிலியான மைக்ரோஸ்பைக், ஷூவுக்குள் பனி போகாமல் காலைச் சுற்றிக் கட்டும் கெய்ட்டர் இரண்டும் சாங்க்ரியில் வாடகைக்குக் கிடைக்கும், வாங்காதீர்கள். கெட்டிப்பட்ட பனியில், சாய்வு குறைந்த இடத்தில்தான் மைக்ரோஸ்பைக் பிடிக்கும். செங்குத்தான ஐஸில் அது பொம்மை. நீளமான இரும்புப் பற்கள் கொண்ட கிராம்பானும், பனிக்கோடரியான ஐஸ் ஆக்ஸும் பழகாமல் அந்த மாதிரிப் பாதைக்குப் போகவே கூடாது. வாடகைக்கு எடுக்கக் கூடாதது ஷூ ஒன்றுதான். இரண்டு மாதம் முன்னாலேயே வாங்கி, மருதமலைப் படியில் முதுகில் 12 கிலோவோடு வாரம் மூன்று நாள் ஏறி இறங்குங்கள். ஷூவும் பழகும், தொடையும் பழகும்.

கறுப்புக் கண்ணாடியைப் பலர் அலங்காரமாக நினைக்கிறார்கள். புதுப் பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். உயரம் 1,000 மீட்டர் கூடக் கூட அந்தக் கதிர் 10 சதவீதத்துக்கு மேல் கூடும். கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நடந்தால் அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி கூடாரத்தில் கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரியும், மறுநாள் திறக்க முடியாது. மேகமூட்டமான நாளிலும் இதே கதைதான். ஓரங்களை மூடிய, 3 அல்லது 4ஆம் வகைக் கண்ணாடி வாங்குங்கள். குழுவுக்கு ஒன்று உபரி.

உயரத்தில் பிராணவாயு குறைவதால் வரும் மலை வியாதியை எப்படிக் கண்டுபிடிப்பது? தலைவலி, கூடவே குமட்டலோ அசதியோ பசியின்மையோ இருந்தால் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நேற்று சாப்பிட்டது ஒத்துக்கலை" என்று சமாளிக்க வேண்டாம். அன்றைக்கு மேலே போகாதீர்கள். குறையாவிட்டால் இறங்குங்கள். ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் நடக்கச் சொல்லும்போது குடிகாரன் மாதிரித் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, அது மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கும் அறிகுறி. ராத்திரி என்றாலும் அந்தக் கணமே இறக்க வேண்டும். மலை வியாதியைத் தடுக்க டயமாக்ஸ் மாத்திரையை 125 மில்லிகிராம் வீதம் காலை மாலை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து எடுப்பது வழக்கம். ஆனால் உங்கள் டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம், சல்ஃபா அலர்ஜி உள்ளவர்களுக்குக் கட்டாயம் கேட்க வேண்டும். விரல்கள் மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், மைனஸ் 10இல் ஒவ்வொரு தடவையும் ஜிப்பைத் திறந்து வெளியே போக வேண்டியிருக்கும். இதையும் தெரிந்தே எடுங்கள்.

குளிரில் உடல்சூடு இறங்குவது இன்னும் நைசாக வரும். கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று எரிந்து விழுவார், கையிலிருந்து பொருள் நழுவும், நாக்கு குழறும், கால் இடறும். அவர் வாயால் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அதை நம்பாதீர்கள். ஈரத்தை மாற்றி, காற்றிலிருந்து ஒதுக்கி, ஸ்லீப்பிங் பேக்கில் போட்டு, இனிப்பாகச் சூடாகக் கொடுங்கள். இது குளிர்காலத்து விஷயம் மட்டும் அல்ல. 2024 ஜூன் தொடக்கத்தில், நம் ஊரில் கோடை இன்னும் முடியாத நேரத்தில், அதே உத்தரகாசிப் பக்கம் சஹஸ்திர தால் பாதையில் 14,000 அடிக்கு மேலே 22 பேர் கொண்ட ட்ரெக்கிங் குழு பனிப்புயலில் சிக்கியது. பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து போனவர்கள். அதில் 9 பேர் இறந்தார்கள்.

பனிச்சரிவைப் பொறுத்தவரை கேதார்காந்தா பாதை இமயமலையில் ஓரளவு நல்ல பிள்ளை. பெரும்பகுதி காடு, பிறகு அகன்ற முகடு. ஆனாலும் கனமாகப் பனி பெய்து ஓய்ந்த முதல் 24 முதல் 48 மணி நேரம் திறந்த சரிவுகளுக்குப் போகக் கூடாது. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் பெயர்கின்றன. ஊன்றுகோலைச் சரிவின் மேல் படுக்கவைத்து, அதன் மேல் போனை வைத்தால் சாய்வுமானி செயலி டிகிரியைச் சொல்லிவிடும். கண் மதிப்பீட்டை நம்பாதீர்கள், நம் எல்லோருக்கும் தப்பும். உபரி நாள் எதற்கு என்று கேட்டீர்களானால், இந்த 48 மணி நேரத்தைக் கூடாரத்தில் சீட்டு விளையாடிக் கழிக்கத்தான்.

அங்கே குளிர்காலத்தில் பனியைக் கொண்டுவருவது மேற்கத்திய இடையூறு என்னும் காற்றுச் சுழற்சி. அது மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வருவதால் நாலைந்து நாள் முன்பே வானிலை ஆய்வு மையம் சொல்லிவிடும். மோரியைத் தாண்டிய பிறகு போன் சிக்னலை நம்பாதீர்கள். கடைசி முன்னறிவிப்பைப் புரோலாவிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரிடம் திட்டத்தையும், "இந்தத் தேதிக்குள் போன் வராவிட்டால் 112ஐக் கூப்பிடு" என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அமெரிக்காவிலிருந்து அண்ணனோ தம்பியோ கார்மின் இன்ரீச் மாதிரி சாட்டிலைட் கருவி வாங்கி வந்து தந்தால், தயவுசெய்து எடுத்துப் போகாதீர்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது சட்டவிரோதம், விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள். வெறும் ஜிபிஎஸ் வரைபடத்தைப் போனில் இறக்கிக்கொள்வதில் பிரச்சினை இல்லை. போனைச் சட்டைக்கு உள்பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி 40 சதவீதத்திலிருந்து சட்டென்று செத்துவிடும்.

சாப்பாட்டில் நாம் ராஜாக்கள். கடலை மிட்டாய், பேரீச்சை, முந்திரி, நெய், பருப்புப் பொடி எல்லாம் எடை குறைவு, சக்தி அதிகம். ஒரு நாளைக்கு 3,500 கலோரிக்கு மேல் தேவைப்படும். உயரத்தில் பசி எடுக்காது என்பதால், உங்களுக்குப் பிடித்ததைத்தான் எடுத்துப்போக வேண்டும், சத்தானதை அல்ல. மிட்டாயைச் சின்னத் துண்டாக உடைத்துப் பையில் போடுங்கள், உறைந்த கடலை மிட்டாய் பல்லைப் பதம் பார்க்கும். நெய் கெட்டியாகக் கல்லாகிவிடும், கத்தியால் வெட்டி எடுக்கலாம். தேங்காய் எண்ணெய் டேராடூனிலேயே கட்டிவிடும், அதை வீட்டிலேயே விடுங்கள். குப்பை, ஈரத்தாள் எதையும் பனியில் புதைக்காதீர்கள். மார்ச்சில் பனி உருகும்போது எல்லாம் அப்படியே மேலே வந்து நிற்கும். ஜூடா கா தாலாபில் ஏற்கனவே அந்தக் காட்சி உண்டு.

பில்டர் காபி: டிகாஷனைப் பாட்டிலில் கொண்டுபோனால் இரண்டாம் நாள் காலையில் பழுப்பு ஐஸ் குச்சியாக இருக்கும். பில்டரையும் பொடியையும் கொண்டுபோகலாம், ஆனால் அந்தக் குளிரில் டிகாஷன் இறங்கி முடிப்பதற்குள் ஆறிவிடும். கொதிக்கும் தண்ணீரில் பொடியைப் போட்டு மூடிவைத்து, தெளிந்ததும் வடிகட்டி, பால் பவுடரும் நாட்டுச்சர்க்கரையும் கலந்துகொள்ளுங்கள். எவர்சில்வர் டபரா மட்டும் வேண்டாம். உதடு ஒட்டிக்கொள்ளும்.